இரண்டு வகை நோட்டு

நான் பிழைப்புக்குக் கணக்குப் பார்க்கிறவன். லிவர்பூலில் ஓர் ஆபீசில் சேர்ந்த புதிதில், ஒரு மாதக் கடைசி நாள், வாடிக்கையாளர் ஒருவரின் ரொக்கக் கணக்கு டேலி ஆகவே மாட்டேன் என்றது. தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த என்னைப் பக்கத்து மேஜைப் பெரியவர் எட்டிப் பார்த்து, "கென் டாட் வீட்டுப் பரணில் தேடினீர்களா?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஊருக்குப் புதிதானவன் வேறென்ன செய்வான்?

அன்றைக்கு ராத்திரி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு யூடியூபில் அந்தப் பெயரைத் தேடினேன். தலைமுடி நாலா பக்கமும் சிலிர்த்து நிற்க, முன்பற்கள் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்க்க, கையில் ஒரு இறகுத் துடைப்பத்தை ஆட்டிக்கொண்டு ஒரு பெரியவர் மேடைக்கு வந்தார். வந்தவர் வாயை மூடவே இல்லை. பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்து நான் சிரிக்க ஆரம்பிப்பதற்குள் அவர் மூன்று ஜோக் தாண்டிப் போயிருந்தார். சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

அது 1994-ல் ஐடிவி ஒளிபரப்பிய 'ஆன் ஆடியன்ஸ் வித் கென் டாட்'. அதில் ஆரம்பித்து, கிடைத்ததையெல்லாம் பார்த்து, படித்து, இப்போது ஆபீசில் அவரைப் பற்றி என்னிடம் சந்தேகம் கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். ஒரு காமெடியன் மேல் ஒரு கணக்குப்பிள்ளைக்கு இவ்வளவு பிடிப்பு ஏன் என்று வீட்டில் கேட்கிறார்கள். காரணம் அவருடைய ஜோக்குகள் மட்டுமல்ல. சிரிப்புக்கு இந்த மனிதர் வைத்த கணக்கைப் போல இன்னொருவர் வைத்து நான் பார்த்ததில்லை. பணத்துக்கு இவர் கணக்கு வைக்காததைப் போலவும் இன்னொருவரைப் பார்த்ததில்லை. தமிழில் இரண்டுக்கும் நோட்டு என்றே சொல்கிறோம். எழுதுகிற நோட்டு, செலவழிக்கிற நோட்டு. இவர் முதல் வகையை வரி வரியாக நிரப்பினார். இரண்டாவது வகையைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினார்.

கென் டாட் 1927 நவம்பர் 8 அன்று லிவர்பூலின் நாட்டி ஆஷ் பகுதியில், ஒரு பழைய பண்ணை வீட்டில் பிறந்தார். அப்பா ஆர்தர் நிலக்கரி வியாபாரி. பிறந்த அதே வீட்டில்தான் 90 வயதில் இறக்கவும் செய்தார். நடுவில் நாடெல்லாம் சுற்றினார், லண்டனில் மாதக்கணக்கில் ஆடினார், ஆனாலும் ஜாகை மாறவில்லை. ஆட்டம் முடிந்ததும் எந்நேரமானாலும் காரைக் கிளப்பி நாட்டி ஆஷுக்கு வந்துவிடுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம்.

அந்த எத்துப்பல்லுக்கும் ஒரு கதை உண்டு. சின்ன வயதில், கண்ணை மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்ட முடியுமா என்று கூட்டாளிகள் சவால் விட்டார்கள். இவர் ஓட்டினார். கொஞ்ச தூரம்தான். பிறகு நடைபாதை விளிம்பில் மோதி முகம் தார் ரோட்டில் பதிந்தது. பின்னாளில் அந்தப் பற்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்தார்கள். பையன் விழுந்து வந்த அன்று வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். அது இன்சூரன்ஸ் விஷயமாக இருந்திருக்காது.

சிறுவர் பத்திரிகை ஒன்றில் ஒரு விளம்பரம் வந்தது. ஆறு பென்னிக்குத் தபால் தலை அனுப்பினால், உதடு அசையாமல் பேசும் வித்தையைக் கற்றுத் தருகிறோம், வாத்தியாரை ஏமாற்றலாம், நண்பர்களை அசத்தலாம் என்று. இவர் அனுப்பினார். அப்பா ஒரு பேசும் பொம்மை வாங்கித் தந்தார். அதற்குச் சார்லி பிரவுன் என்று பெயர் வைத்து, பக்கத்திலிருந்த அநாதை இல்லத்தில் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டினார். அதுதான் முதல் மேடை. 14 வயதில் பள்ளியை விட்டு அப்பாவோடும் அண்ணனோடும் நிலக்கரி மூட்டை தூக்கப் போனார். அப்புறம் தனியாக வீட்டுச் சாமான்களை வாசல் வாசலாக விற்றார்.

இந்த இடத்தை அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறவர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு என்னமோ முழு ஆளும் இங்கேதான் உருவானார் என்று படுகிறது. மூட்டையை இறக்கினால் காசு கைக்கு வருகிற வியாபாரம். எந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன போகும், யார் கதவைத் திறப்பார்கள், யார் திறக்க மாட்டார்கள் என்று மனதிலும் நோட்டிலும் குறித்துவைக்காவிட்டால் அந்தத் தொழிலில் காலம் தள்ள முடியாது. கதவைத் திறக்கிற அம்மாவின் முகம் அரை நொடியில் இளகினால் விற்பனை, இல்லையென்றால் அடுத்த வீடு. பின்னாளில் மேடையில் நின்று எதிரே இருக்கிற பெண்களை "மிஸஸ்!" என்று கூப்பிட்டுப் பேச்சை ஆரம்பிப்பார். வாசலில் நிற்கிற வியாபாரியின் குரல் அது.

1954 செப்டம்பரில், 26 வயதில், நாட்டிங்ஹாம் எம்பயர் அரங்கில் தொழில்முறை நடிகராக மேடையேறினார். போட்டுக்கொண்ட பட்டப்பெயர் புரொஃபசர் யாஃபிள் சக்கிள்பட்டி. தொழில்: ஆப்ரா பாடகர், உபதொழில்: சாசேஜுக்கு முடிச்சுப் போடுகிறவர். நாலே வருடத்தில், 1958-ல், பிளாக்பூல் கடற்கரையில் சுவரொட்டியின் தலைப்பில் அவர் பெயர்.

அவர் வந்த நேரம்தான் சரியில்லாத நேரம். வெரைட்டி தியேட்டர் என்று ஒரு உலகம் அங்கே இருந்தது. ஒரே ராத்திரியில் பாட்டு, வித்தை, நகைச்சுவை, நாய் குட்டிக்கரணம் எல்லாம் நடக்கும். ஒரே இரவில் இரண்டு ஆட்டம். ஊர் ஊராக வாராவாரம். டிவி வந்து அந்த உலகத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, இடிக்கப்பட்டன. இன்னொன்றும் நடந்தது: பன்னிரண்டு நிமிட அயிட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கலைஞர் இருபது வருடம் ஊர் சுற்றிப் பிழைத்தது போய், அதே அயிட்டத்தை டிவியில் ஒருமுறை காட்டினால் நாடே பார்த்துத் தீர்த்துவிட்டது. மறுநாள் அவரிடம் விற்பதற்குச் சரக்கில்லை. டாட் இந்தக் கணக்கைச் சீக்கிரமே போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். டிவிக்குப் போனார், 1959 முதல் பிபிசியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி வந்தது, பிறகு ஐடிவியிலும் வந்தது. ஆனால் மேடையை ஒருநாளும் விடவில்லை. ஒரு கடையை நம்பி இருந்தால் அந்தக் கடை மூடும்போது என்ன ஆகும் என்பது வியாபாரி மகனுக்குத் தெரியாதா?

இப்போது முதல் வகை நோட்டுக்கு வருகிறேன்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு உட்கார்ந்து எழுதினார். எந்த ஊர், எந்த அரங்கம், எந்த ஜோக் எடுபட்டது, எது விழுந்தது. இப்படி ஊர் ஊராகச் சேர்த்த விவரத்துக்கு அவர் வைத்த பெயர் 'கிகிள் மேப்', அதாவது சிரிப்பு வரைபடம். வடக்கே சிரிக்கிறதற்குத் தெற்கே சிரிக்க மாட்டார்கள், துறைமுகத்து ஊரில் எடுபடுவது மில் ஊரில் எடுபடாது, ஆகவே ஊருக்குத் தகுந்த சரக்கை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இதை அவர் சும்மா சொல்லவில்லை, நோட்டில் ஆதாரத்தோடு சொன்னார். அப்புறம் அந்த ஆராய்ச்சியையே ஒரு ஜோக்காகவும் ஆக்கினார்: "லிவர்பூலில் ஒரு ஜோக் சொன்னால் லண்டனில் சிரிக்க மாட்டார்கள். அவ்வளவு தூரம் காதில் விழாது."

சிரிப்பு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அரிஸ்டாட்டில், ஷோப்பன்ஹோவர், பெர்க்ஸன், ஃப்ராய்ட் என்று வாங்கிப் படித்தவர். 14 வயதில் பள்ளியை விட்டவர் இதையெல்லாம் எழுத்துக் கூட்டி முடித்து, கடைசியில் ஃப்ராய்டைப் பற்றிச் சொன்னது பிரிட்டனில் எல்லோருக்கும் தெரிந்த வாக்கியம்: ஃப்ராய்டிடம் ஒரே குறை, அவர் கிளாஸ்கோ எம்பயரில் சனிக்கிழமை இரண்டாம் ஆட்டம் ஆடியதில்லை. ஸ்காட்லாந்தில் இருந்த அந்த அரங்கம் இங்கிலீஷ் காமெடியன்களுக்கு மயானம் என்று பெயர் வாங்கிய இடம். வார வேலை முடித்து, குடித்துவிட்டு, தெற்கிலிருந்து வந்தவன் எப்போது வாயைத் திறப்பான் என்று காத்திருக்கிற கூட்டம். அங்கே நின்றவருக்குத்தான் சிரிப்பைப் பற்றித் தத்துவம் பேசத் தகுதி என்பது அவர் கட்சி.

நிமிடத்துக்கு ஏழு சிரிப்பு என்று ஓர் இலக்கும் வைத்திருந்தார். இதைப் படித்தபோது என் மனம் குளிர்ந்தது. எங்கள் தொழிலில்கூட இவ்வளவு கறாரான இலக்கு கிடையாது. லிவர்பூல் ராயல் கோர்ட் அரங்கில் மூன்றரை மணி நேரத்தில் 1,500 ஜோக் சொல்லி கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். வகுத்துப் பார்த்தேன்: 210 நிமிடம், 1,500 ஜோக், நிமிடத்துக்கு ஏழுக்குச் சற்று மேல். இலக்கு தப்பவில்லை.

ஜோக்குகள் எப்படி இருக்கும்? தனியாக எடுத்து வைத்தால் ஒன்றுமில்லை. "நான் காமெடியன் ஆவேன் என்று அப்பாவுக்கு அப்போதே தெரியும். பிறந்ததும் என்னைப் பார்த்து, 'என்ன இது, ஜோக்கா?' என்று கேட்டார்." மாமியாரோடு பதினெட்டு மாதமாகப் பேசவில்லை, நடுவில் குறுக்கிட மனமில்லை. ஆட்டத்தின் ஆரம்பத்தில், இன்றைக்கு என்ன அருமையான நாள், பக்கத்து வீட்டுத் தபால் ஓட்டையில் ஒரு வெள்ளரிக்காயை நுழைத்து 'செவ்வாய்க் கிரகத்துக்காரன் வந்துவிட்டான்' என்று கத்துவதற்கு ஏற்ற நாள் என்பார். எழுதினால் இவ்வளவுதான். ஆனால் சிரித்து முடிக்காத ஒருவர் மேல் அடுத்தது விழும். அதை முடிப்பதற்குள் இன்னொன்று. அலை மேல் அலையாக வந்து, ஒரு கட்டத்தில் எதற்குச் சிரிக்கிறோம் என்பதே மறந்து விலாவைப் பிடித்துக்கொண்டு கிடப்போம். போதாததற்கு வார்த்தைகளை வேறு சொந்தமாக உற்பத்தி செய்வார்: டாட்டிஃபிலேரியஸ், டிஸ்காம்நாக்கரேட்டட். அகராதியைத் தேடி ஏமாந்த அனுபவம் எனக்கு உண்டு.

கையில் வைத்திருந்த இறகுத் துடைப்பத்துக்கு 'டிக்ளிங் ஸ்டிக்', கிச்சுக்கிச்சுக் குச்சி என்று பெயர். அதோடு 'டிடி மென்' என்ற குள்ள மனிதர்கள் கூட்டம் ஒன்று. டிடி என்றால் அந்த ஊர்ப் பேச்சில் பொடியன். இவர்கள் நாட்டி ஆஷில் ஜாம் ரொட்டிச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் என்று கற்பனை. அப்பா நிலக்கரி விற்றார், மகன் தன் தெருவுக்கு அடியில் ஜாம் ரொட்டியைத் தோண்டி எடுத்தார். மேடையில் இந்த வேடங்களை ஊர்ப் பிள்ளைகள் கட்டினார்கள், டிவியில் பொம்மைகளாக வந்தார்கள். இன்றைக்கு 55, 60 வயதில் இருக்கிற லிவர்பூல்காரரிடம் டிடி மென் என்று சொல்லிப் பாருங்கள், முகம் குழந்தையாகிவிடும்.

உச்சம் 1965. லண்டன் பல்லேடியம் அரங்கில் 42 வாரம். அதே வருடம் 'டியர்ஸ்' என்று ஒரு பழைய சோகப் பாட்டைப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டார். அதில் ஜோக் இல்லை, குச்சி இல்லை, கண்ணீர்தான். ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது, அந்த வருடத்தில் பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிள், அதாவது ஒற்றைப் பாட்டு இசைத்தட்டு, அதுதான். 1965 என்பது பீட்டில்ஸின் வருடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நாலு பேரும் இவரும் ஒரே ஊர்க்காரர்கள், 1963-ல் ஒரே டிவி பேட்டியில் உட்கார்ந்து கலாய்த்துக்கொண்டவர்கள். அறுபதுகளில் அங்கே அதிகம் விற்ற சிங்கிள்களில் முதல் இரண்டு இடமும் பீட்டில்ஸுக்கு, மூன்றாவது இடம் இந்த எத்துப்பல்காரருக்கு. எங்கள் ஆபீஸ் பெரியவர் இதை வருடத்துக்கு ஒரு முறையாவது யாரிடமாவது பந்தயம் கட்டி ஜெயிப்பார்.

ஷேக்ஸ்பியரும் உண்டு. 1971-ல் லிவர்பூல் பிளேஹவுஸில் 'டுவெல்ஃப்த் நைட்' நாடகத்தின் மால்வோலியோ. 1996-ல் கென்னத் பிரானா எடுத்த 'ஹாம்லெட்' படத்தில் யோரிக். மண்டை ஓடாக மட்டுமே வருகிற அரசவை விதூஷகன் அந்த யோரிக். உயிரோடிருந்த நாளில் எப்படிச் சபையைச் சிரிக்கவைத்தான் என்று காட்ட டாடை நடிக்கவைத்தார்கள். கல்லறையிலிருந்து எடுக்கிற மண்டை ஓட்டில் எத்துப்பல் இருக்கும். பார்க்கிறவருக்கு உடனே ஆள் தெரிந்துவிடும்.

சரி, பரணுக்கு வருவோம்.

1989 கோடையில் லிவர்பூல் கிரவுன் கோர்ட்டில் கென் டாட் மேல் வரி ஏய்ப்பு வழக்கு நடந்தது. ஏப்ரலில்தான் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் அந்த ஊர்க்காரர்கள் கூட்டமாக மாண்டிருந்தார்கள். ஊரே துக்கத்தில் இருந்த வருடத்தில், ஊரின் செல்லப்பிள்ளை குற்றவாளிக் கூண்டில் நின்றார். சுமார் ஐந்து வாரம். அரசுத் தரப்பில் வாதாடியவர் பிரையன் லெவிசன், பின்னாளில் பத்திரிகைகளின் நடத்தையை விசாரித்த அதே லெவிசன். டாடுக்காக ஜார்ஜ் கார்மன். பத்து வருடம் முன்னால் ஜெரமி தார்ப் என்ற அரசியல் தலைவரைக் கொலைச்சதி வழக்கிலிருந்து மீட்டவர்.

கோர்ட்டில் வெளிவந்தவை: வீட்டில், பெட்டிகளில், ரொக்கமாக 3,36,000 பவுண்டு. ஐல் ஆஃப் மேன் தீவிலும் ஜெர்சியிலும் இருபது வங்கிக் கணக்குகள். பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு விமானத்தில் போய்ப் போட்டுவிட்டு வருவார். 1,00,000 பவுண்டைப் பெட்டியில் வைத்துத் தூக்கினால் எப்படி இருக்கும் என்று நீதிபதி கேட்டார். "நோட்டு ரொம்ப லேசு, மை லார்ட்" என்றார் டாட். இந்தப் பதிலை முதலில் படித்தபோது நான் சிரித்தேன். அப்புறம் யோசித்தேன். நிலக்கரி மூட்டை தூக்கின தோள் சொன்ன பதில் அது.

டிடி மென் வேடம் போட்ட பிள்ளைகளுக்கு ரொக்கமாகச் சம்பளம் தந்ததில்லை என்பதுகூட விசாரணையில் வந்தது. எரிக் சைக்ஸ், ராய் ஹட் போன்ற காமெடியன்கள் வந்து இவர் நல்லவர் என்று சாட்சி சொன்னார்கள். பணம் உங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அவர் சொன்ன பதில் ஜோக் இல்லை: என்னிடம் வேறு எதுவும் இல்லை. அனிதா பூட்டின் என்ற நர்சோடு இருபது வருடத்துக்கும் மேல் நிச்சயமாகி, கல்யாணம் நடக்காமலே அவர் மூளைக்கட்டியில் 1977-ல் இறந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள். 

கார்மன் ஜூரியிடம் சொன்ன வாக்கியம்தான் எங்கள் தொழிலில் பிரசித்தம்: சில கணக்காளர்கள் காமெடியன்கள், ஆனால் காமெடியன்கள் ஒருநாளும் கணக்காளர்கள் அல்ல. ஜூலையில் ஜூரி எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுதலை செய்தது.

கார்மன் சொன்னது அழகான வாக்கியம்தான், நானும் பல கூட்டங்களில் எடுத்துவிட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த அரங்கில் எந்த ஜோக்குக்கு எவ்வளவு சிரிப்பு என்று ஆயுள் முழுக்க எழுதிவைத்த ஆளை, இவருக்குக் கணக்கு வராது என்று எப்படி நம்புவது? நான் அவருடைய ஆடிட்டராக இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அதே சமயம் ஜூரியில் உட்கார்ந்திருந்தால் தண்டித்திருப்பேனா என்றால், அதுவும் தெரியாது. ஏமாற்றுகிறவன் பணத்தை எங்கேயாவது ஓடவிடுவான். மாளிகை வாங்குவான், படகு வாங்குவான். இவர் பிறந்த வீட்டிலேயே இருந்தார். பணம் தலைக்கு மேலே பரணில் இருந்தது. பொட்டலம் பொட்டலமாக முந்தானையில் முடிந்துவைக்கிற கிழவிகளின் ஜாதி. சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவு இல்லை.

கோர்ட்டிலிருந்து நேராக மேடைக்கு. வழக்கையே சரக்காக்கினார். அந்த நாளில் அங்கே வரித்துறையின் பெயர் இன்லாண்ட் ரெவின்யூ, 'உள்நாட்டு வருவாய்'. "நான் உங்களுக்கு ஒரு பென்னி தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன். நான் இருப்பது கடலோரம்." இன்னொன்று: "இருநூறு வருடத்துக்கு முன்னால் வருமான வரி வந்தபோது பவுண்டுக்கு இரண்டு பென்னி. என் பிரச்சினை என்னவென்றால், இன்னும் அதுதான் என்று நினைத்துவிட்டேன்." தொழில் புத்தி விடவில்லை, இதைச் சரிபார்த்தேன். 1799-ல் வந்த பிரிட்டனின் முதல் வருமான வரி 60 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தவர்களுக்கு, பவுண்டுக்கு இரண்டு பழைய பென்னியில்தான் தொடங்கியது. ஜோக்கில்கூடத் தப்பான விகிதம் சொல்லவில்லை மனிதர். கணக்கு வராதாம்!

வயது ஏற ஏற ஆட்டம் நீண்டுகொண்டே போனது. ஏழு மணிக்கு ஆரம்பித்தால் நள்ளிரவு தாண்டும். கடைசி பஸ் போய்விடும், கடைசி ரயில் போய்விடும், பின் வரிசையில் சிலர் நைசாக நழுவுவார்கள், அதையும் மேடையிலிருந்து பார்த்துச் சொல்வார். தப்பிக்க முடியாது, வீடு வரை வந்து தபால் ஓட்டை வழியாக ஜோக் கத்துவேன் என்று மிரட்டுவார். இது டிவி இல்லை மிஸஸ், என்னை அணைக்க முடியாது என்பார். எனக்கு அவர் ஆட்டத்தை நேரில் பார்க்கிற பாக்கியம் கிடைக்கவில்லை. ஆபீஸ் பெரியவர் இரண்டு முறை போனவர். முதல் முறை சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாம். இரண்டாம் முறை நாலாவது மணி நேரத்தில் கொஞ்சம் தூங்கிவிட்டாராம், விழித்தபோது மறுபடி சிரிப்பு, மறுபடி வலி. "ஒரு கட்டத்துக்கு மேல் அவர் எங்களுக்காக ஆடுகிறாரா, வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ஆடுகிறாரா என்று தோன்றியது" என்றார். இதை விமர்சனமாகச் சொல்லவில்லை அவர். நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் 2009-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள், உயிரோடு இருக்கும்போதே. கிச்சுக்கிச்சுக் குச்சியோடு அவர், எதிரே கைப்பையோடு பெஸ்ஸி பிராடக் என்ற அந்த ஊர் எம்.பி. யதேச்சையாகச் சந்தித்தது போல. 1982-ல் ஓபிஇ பட்டம் வந்தது. சர் பட்டம் 2017-ல்தான், 89 வயதில். நடுவில் 35 வருடம். வழக்குதான் காரணம் என்று ஊரில் பேச்சு, நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கடைசி ஆட்டம் 2017 டிசம்பர் 28, லிவர்பூலிலேயே. பிறகு நெஞ்சில் சளி கட்டி ஆறு வாரம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்த பிறகு, 2018 மார்ச் 9 அன்று, நாற்பது வருடமாகக் கூடவே இருந்த ஆன் ஜோன்ஸை அதே வீட்டில் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு நாளில் இறந்தார். லைம் ஸ்ட்ரீட் சிலையின் காலடியிலும் வீட்டு வாசல் கம்பியிலும் ஜனங்கள் இறகுத் துடைப்பங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து உயில் விவரம் வெளிவந்தது. சொத்து 2.7 கோடி பவுண்டுக்கு மேல். பிரிட்டனில் வாரிசு வரி 40 சதவீதம். ஆனால் கணவன் சொத்து மனைவிக்குப் போனால் வரி கிடையாது. கல்யாணம் ஆகாமல் இறந்திருந்தால் ஏறக்குறைய 1.1 கோடி பவுண்டு அரசாங்கத்துக்குப் போயிருக்கும். பத்திரிகைகள் 'வரித்துறையைப் பார்த்துக் கடைசியாக ஒரு முறை சிரித்தார்' என்கிற தோரணையில் எழுதின. எங்கள் ஆபீசில் அன்று வேலையே நடக்கவில்லை. ஆளுக்கொரு கால்குலேட்டரோடு போட்டுப் பார்த்தோம். வரிக்காகத்தான் தாலி கட்டினார் என்றார் ஒருவர். நாற்பது வருடம் தள்ளிப்போட்டதைச் சாவதற்கு முன் செய்ய மனிதனுக்கு வேறு காரணமே இருக்காதா என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டும் ஒரே ஆளுக்குள் சௌகரியமாகக் குடியிருக்கும் என்று பட்டது.

ஆன் அவர் ஆட்டங்களிலேயே சிபி ஜோன்ஸ் என்ற பெயரில் பாடியவர், வாசித்தவர். அந்த நோட்டுகளை, சிரிப்பு நோட்டுகளை, நான் போன பிறகு எரித்துவிடு என்று டாட் அவரிடம் சொல்லியிருந்தார். பரண் பெட்டியைப் பற்றி நாடே சிரித்தபோது அதை மேடையில் தானே விற்றவர், இதைமட்டும் யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். தொழில் ரகசியம் என்பதாலா, தற்செயலாகக் கொட்டுவது போல இருந்த சிரிப்புக்குப் பின்னால் இத்தனை கூட்டல் கழித்தல் இருந்ததே என்ற வெட்கமா, சொல்லத் தெரியவில்லை. ஆன் எரிக்கவில்லை.

மியூசியம் ஆஃப் லிவர்பூலில் அவரைப் பற்றிக் கண்காட்சி வைத்தபோது, ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். குச்சி, கோட்டு, பொம்மை எல்லாவற்றின் முன்னாலும் கூட்டம். நான் நோட்டுகள் இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றேன். பின்னால் ஒரு பாட்டி பேரனிடம் தபால் ஓட்டை வெள்ளரிக்காய் ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார், பையன் எதுவும் புரியாமல் விழுந்து விழுந்து சிரித்தான். பழக்கதோஷம், நான் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை இருக்கிறதா என்று குனிந்து தேடினேன். இல்லை.